கட்டைவால் சண்டை மீன்



சிறுவர் சிலர் ‘பைட்டர்’ மீனை ஊறுகாய்ப் புட்டியில் அடைத்து வளர்க்கின்றனர். நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும் உறுப்பு இம்மீனுக்கு உண்டு. ஆகவே அதில் உடனே சாவதில்லை. அதனாலேயே நலமாயிருக்கிறதென்று கொள்ளலாகாது.

தாய்லாந்தில் இதன் பெயர் ‘பிளா காட்’, அதாவது கடிக்கும் மீன். 2019-இல் அந்நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. நீண்ட வால் மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்ததால் வந்தது. இயற்கையில் கட்டை வாலே. அதிலும் பழைய சண்டை வகை, வால் 180 பாகை விரியும் அரைமதி வகை, வாலோரம் முட்கள்போல் நீளும் கிரீட வகை எனப் பல உண்டு.

வால் பாரமில்லாமையால் இவை விரைந்து நீந்தும்; துள்ளி வெளியேயும் விழும். மூடியுள்ள 15 லிட்டர்த் தொட்டியாவது வேண்டும். நீர் குளோரின் நீங்கியதாய், 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கட்டும். இரு ஆண்களை ஒன்றாய் விடலாகாது. வேடிக்கைக்காகப் பொரவிடுவது கொடுமையே.

இத்தனை மூர்க்கமான ஆண்தான் நுரைக்கூடு கட்டி, நழுவி விழும் முட்டைகளை வாயால் கவ்விக் கூட்டில் சேர்க்கிறது. (தந்தையர் கவனிக்க!) தாய் மீன் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும், முட்டையிட்டதும் அதனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கும்வரை தகப்பன் உடனிருக்கட்டும். பிறகு அதனையும் எடுத்துவிடுங்கள்.