சாக்கையும் சேர்த்து எடை போடலாமா?

வீரசோழன் வாரச்சந்தையில் இரண்டு கிடாய்களை விற்ற பணத்தில், கல்லூரியில் சேரவிருந்த தம் மகளுக்குக் கைப்பேசி வாங்கினார் எங்கள் தெருக்காரர் ஒருவர். பெட்டியின் மேல் '32 ஜிபி' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. நான்கு மாதங்களில் அதை என்னிடம் கொண்டுவந்தார். "இடமில்லை, இடமில்லைன்னே காட்டுது சார். புள்ள போட்டோவெல்லாம் அழிச்சுட்டா. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

திறந்து பார்த்தேன். ஏறத்தாழ 14 ஜிபியை இயங்குதளமும், அதனுடன் வந்த நீக்க முடியாத செயலிகளும் பிடித்திருந்தன. கடைக்காரர்மீது தவறில்லை என்றேன். "அப்ப யார்மேல சார்?" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

இந்தக் குறைவுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது வெறும் கணக்கு. 'கிகா' என்றால் நூறு கோடி. தயாரிப்பாளர்கள் அப்படியே எண்ணுகிறார்கள். சில கணினிகளோ 107,37,41,824 பைட்டுகளை ஒரு ஜிபியாகக் கொள்கின்றன. அதனால் 64 என்று வாங்கியது 59.6 என்று தெரியும். இதில் எதுவும் களவு போவதில்லை.

இரண்டாவது காரணம் அப்படிப்பட்டதன்று. 2013-இல் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் புரோ கையடக்கக் கணினி 64 ஜிபி என்று விற்பனைக்கு வந்தது. வாங்கியவருக்குக் கிடைத்தது அதில் பாதிக்கும் குறைவே. அதே ஆண்டு வெளியான சாம்சங் கேலக்ஸி எஸ் 4 கைப்பேசியின் 16 ஜிபியில் பயனருக்கு எஞ்சியது சுமார் 9. இயங்குதளம் இல்லாமல் கருவி இயங்காதே என்பது நிறுவனங்களின் வாதம். உண்மைதான். சாக்கு இல்லாமல் மிளகாயும் சந்தைக்கு வராது. ஆனால், எங்கள் பக்கத்துச் சம்சாரி மிளகாய் மூட்டையை ஏற்றினால், வியாபாரி சாக்கின் எடையைக் கழித்த பிறகுதான் பணம் எண்ணுகிறார். அந்தச் சம்சாரி கைப்பேசி வாங்கும்போது மட்டும் சாக்கும் சரக்காகிவிடுகிறது.

இந்தக் கழிவு எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதே என் முதன்மையான கவலை. 256 ஜிபி வாங்கியவருக்கு 14 ஜிபி போனால் இழப்பு ஐந்தரை விழுக்காடு. அவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். 32 ஜிபி வாங்கியவருக்கோ 44 விழுக்காடு. விலை குறைந்த கருவிகளில் சற்றே சிறிய இயங்குதளத்தைப் பொருத்துவதுண்டு என்றாலும், விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே தொகை விதிக்கும் தலைவரியைப் பற்றி வகுப்பில் சொல்வேன். அதுவே இங்கு வேறு உருவில் வந்திருக்கிறது. இடம் தீர்ந்தால் புதுப்பிப்பு இறங்காது. புதுப்பிக்காத கைப்பேசியில் வங்கிச் செயலி ஒருநாள் திறக்க மறுக்கும். நினைவக அட்டை வாங்கிப் போட்டால் பாடக் காணொளிகள் அதில் ஏறும். செயலிகள் பெரும்பாலும் ஏறுவதில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள், உறையை நீக்கிய நிகர அளவையே அச்சிடச் சொல்கின்றன. பிஸ்கட் பொட்டலம் இதற்குக் கட்டுப்படுகிறது. கைப்பேசியோ எண்ணிக்கையில் விற்கும் பொருள். பெட்டிக்குள் ஒன்று இருந்தால் விதி நிறைவேறிவிட்டது. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. தமிழ் விளம்பரத்தின் அடியில் கடுகளவு ஆங்கில எழுத்தில் வரும் 'பயனருக்குக் கிடைக்கும் இடம் இதைவிடக் குறைவாக இருக்கும்' என்ற வரியை இந்த அளவுகோலால் ஆணையம் அளந்து பார்க்கட்டும்.

'ஆலையிலிருந்து வெளிவரும்போது பயன்படுத்தக் கிடைப்பது 18 ஜிபி' என்று, 32-க்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட்டால் போதும். அந்தத் தகவலைத் திரட்ட நிறுவனத்துக்குப் புதுச் செலவில்லை. அது ஏற்கெனவே கருவியின் திரையில் இருக்கிறது, பணம் கொடுத்த பிறகு பார்க்கும் திரையில்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், "என்ன குறைன்னு சொல்லணும் சார்?" என்று கேட்டார்.