கையுறைக்குக் குறைவில்லை, அங்கி எங்கே?

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அம்மா காலத்தில் ரந்தாவ் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்டது. அவர் தொழிற்சாலை வேனில் ஏறி, மருத்துவக் கையுறைகளைத் தரம் பார்க்கப் போனார். உலகச் சந்தையின் ரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவில் செய்தவை என்று பள்ளியில் படித்தபோது, எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்வதாகவே எனக்குத் தோன்றியது. (உண்மையில், பாட்டி வெட்டிய பாலுக்கும் இன்றைய நீலக் கையுறைக்கும் உறவு குறைவு. நைட்ரைல் பெட்ரோலியத்திலிருந்து வருவது.)

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சில நாட்களில் எங்கள் லயத்து அக்கா ஒருவர் மருத்துவமனைக்குப் பாதுகாப்பு அங்கி தைக்க உட்கார்ந்தார். நாடெங்கும் தன்னார்வலர்களும் ஆடை வடிவமைப்பாளர்களும் சிறைக் கைதிகளும்கூடத் தைத்தார்கள். கையுறையில் உலகத்துக்கே முதலிடம், அங்கிக்கோ வீட்டுத் தையல் மெஷின். எப்படி இது?

கையுறை ஆலைகள் வளர்ந்தது நம் அரசு வாங்கியதால் அல்ல. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வாங்கியதால். நம் மருத்துவமனைகள் அத்தனையும் சேர்ந்து வாங்குவது அந்த உற்பத்தியில் சிறு பங்குதான். அங்கிக்கு அப்படியொரு ஏற்றுமதிச் சந்தை நமக்கு இல்லை. உள்நாட்டில் பெரிய அளவில் வாங்கக்கூடியவர் சுகாதார அமைச்சுதான். அந்த ஒரு வாங்குபவரும் மலிவான விலையை மட்டும் பார்த்தால், இங்கே இயந்திரம் போட யாருக்குத் துணிவு வரும்?

இந்தியாவைப் பாருங்கள். 2020 தொடக்கத்தில் முழுவுடல் கவச உடை அங்கே ஏறக்குறைய தயாராகவே இல்லை. மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு 4 லட்சத்தைத் தாண்டியது. அரசு நிறுவனமான எச்எல்எல் மொத்தமாக வாங்கியது. கோயம்புத்தூரின் தென்னிந்திய ஜவுளி ஆய்வுச் சங்கம் செயற்கை இரத்தம் தெளித்துத் துணியைச் சோதித்தது. வாங்க ஆளும் சோதிக்கக் கூடமும் இருந்ததால் பனியன் தைத்த கைகள் கவசம் தைத்தன. அமெரிக்கா 2021 நவம்பரில் சட்டமே போட்டது: குறிப்பிட்ட அரசுத் துறைகள் உள்நாட்டுக் கவசங்களைக் குறைந்தது 2 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும்.

இதற்குச் செலவு கூடும், மறுக்கவில்லை. நிச்சயமான ஆர்டர் கிடைத்த முதலாளி தூங்கிவிடவும் கூடும். ஆனால் வாங்குபவருக்கு நிபந்தனை போடும் பலம் உண்டு. 2020 ஜூலையில் டாப் கிளவ் துணை நிறுவனங்களின் கையுறைகளைக் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்கா தடுத்தது. 2021 செப்டம்பரில்தான் தடையை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கிடைத்தது, விடுதிகள் மேம்பட்டன. அந்தக் கேள்விகளை நம் அரசே, வாங்கும்போதே, கேட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

தொற்று தணிந்ததும் கையுறை விலை சரிந்தது. அம்மாவுக்கு ஓவர்டைம் நின்றது. லயத்து அக்காவின் மெஷின் மட்டும் ஓய்வதில்லை; இப்போது அதில் பள்ளிச் சீருடை தைக்கிறார்.