வண்டிக்குள் கக்கூஸ் இருந்தால்தான் ஏரிக்கரையில் தூங்கலாம்!

பொழுது சாய்கிறது. ஏரிக்கரையில் ஒரு வேன் வந்து நிற்கிறது. உள்ளே கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. வந்தவர்கள் சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், படுத்துத் தூங்குகிறார்கள்.

வாடகை? ஒரு காசு கிடையாது!

நியூசிலாந்து நாட்டில் இது சர்வ சாதாரணம். இந்த வண்டிக்கு "மோட்டார் வீடு" என்று பெயர். ஓட்டலுக்குப் போகாமல், பொது இடத்தில் வண்டியை நிறுத்தி இரவைக் கழிப்பதைச் "சுதந்திர முகாம்" என்கிறார்கள்.

அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எது? பல ஆண்டுகளாக அங்கே இதுதான் சண்டை.

சட்டம் வந்த கதை

2011-ம் ஆண்டில் நியூசிலாந்தில் உலகக் கோப்பை ரக்பி பந்தாட்டம் நடந்தது. வெளிநாட்டார் திரளாக வருவார்கள் என்று எதிர்பார்த்து, பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. நகர சபை தடுக்காத பொது இடத்தில் தங்கலாம். தடுத்த இடத்தில் தங்கினால் 200 டாலர் அபராதம்.

ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. நாட்டின் ஜனத்தொகை சுமார் 50 லட்சம். 2019-ம் ஆண்டில் வந்த வெளிநாட்டாரோ சுமார் 39 லட்சம்! அவர்களில் ஒரு பகுதியினர் வேனில் சுற்றினார்கள்.

புதருக்குப் பின்னால் அசிங்கம். கரையெல்லாம் குப்பை. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். "அவர்கள் இலவசமாகத் தூங்குவதற்கு, நம் வரிப்பணத்தில் குப்பை அள்ளுவதா?" என்று கேட்டார்கள்.

பச்சைச் சீட்டு

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் சட்டம் இறுகியது. நகர சபை நிலத்தில் வண்டியில் தங்க வேண்டுமானால், வண்டிக்குள் கக்கூஸ் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தூக்கி வைக்கும் கக்கூஸ் செல்லாது. மூன்று நாளைக்குக் குடிநீரும், கழிவைச் சேர்க்கும் தொட்டியும் வேண்டும். பரிசோதனையில் தேறினால் பச்சை நிறச் சீட்டு கிடைக்கும். அபராதமும் உயர்ந்தது.

வாடகை வண்டிகளுக்கு 2024 டிசம்பர் 7-ந் தேதி கெடு. சொந்த வண்டிகளுக்கு 2025 ஜூன் என்று முதலில் சொன்னார்கள். பிறகு 2026 ஜூன் 7 வரை தவணை கொடுத்தார்கள்.

அடி விழுவது யாருக்கு?

பெரிய வண்டிக்காரருக்குக் கவலை இல்லை. பழைய வேனில் மெத்தை போட்டுச் சுற்றும் இளைஞருக்குத்தான் தொல்லை. கக்கூஸ் வைக்க இடமும் வேண்டும், பணமும் வேண்டும். இல்லாவிட்டால் கட்டண முகாமுக்குப் போகவேண்டும். அல்லது நகர சபை விலக்கு அளித்த இடத்தைத் தேடவேண்டும்.

ஒரு நல்ல அம்சமும் உண்டு. வீடில்லாமல் வண்டியிலேயே வாழும் உள்நாட்டு ஏழைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வறுமைக்கு அபராதம் போடக்கூடாது என்று 2023-ம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது.

நகர சபைகளும் இஷ்டம்போல் தடை போட முடியாது. குயின்ஸ்டவுன் மலைநகரம் உல்லாசப் பயணிகளுக்குப் பேர் போனது. அந்த வட்டார சபை 2021-ல் கடுமையான விதி செய்தது. மோட்டார் வீட்டுக்காரர்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2024-ல் ஐகோர்ட்டு அந்த விதியை ரத்து செய்துவிட்டது!

சீட்டு மட்டும் போதுமா?

கக்கூஸ் பொருத்துவது எளிது. அதை உபயோகிப்பதும், நிறைந்த தொட்டியை உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதும்தான் முக்கியம். பச்சைச் சீட்டு அதைக் கண்காணிக்காது. ஊருக்கு ஊர் பொதுக் கக்கூசும், கழிவு கொட்டும் இடமும் இருந்தால்தான் சட்டம் பலிக்கும்.

ஏரி எல்லோருக்கும் சொந்தம். அதனால்தான் அங்கே தூங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் அதைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.