எண்ணாமல் தின்றவர்கள்

மதுரைக்காரர்களாகிய நம் மீன் விஞ்ஞானம் செவுளோடு முடிந்துவிடுகிறது. கரிமேட்டிலும் நெல்பேட்டையிலும் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், வயிற்றை அமுக்கிப் பார்க்கிறோம், "ஐஸ்ல கிடந்ததா, இன்னிக்கு வந்ததா?" என்று அதட்டிக் கேட்கிறோம். ஃபார்மலின் பூசிய மீன் பிடிபட்டதாகச் செய்தி வந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கு மாறிக்கொள்கிறோம். இந்த மீன் ஒரு தடவையாவது முட்டையிட்டிருக்குமா, இது வந்த கடலில் இன்னும் எவ்வளவு மிச்சம், அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டவர் நம்மில் அரிது.

கணக்குப் பார்ப்பவர்கள் தூரதேசத்தில் இல்லை. 1947 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சீக்கிரமே மண்டபம் கேம்ப்புக்குப் போய், 1971இல் தலைமையகம் கொச்சிக்கு மாறும்வரை அங்கிருந்துதான் இந்தியக் கடலை அளந்தது. மண்டபத்தில் அதன் மையம் இன்றும் இயங்குகிறது. அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற மதுரைக் குடும்பங்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போய்த் திரும்புகின்றன. நம் காமராசர் பல்கலைக்கழகத்துக்கே அதற்குப் பக்கத்தில் புதுமடத்தில் கடல் ஆய்வு நிலையம் உண்டு. அதுவும் பலருக்குச் செய்தி. சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் "தலைமையகம் கொச்சி" என்று நொடியில் சொல்வார்கள். அங்கே என்ன வேலை நடக்கிறது என்பது கேள்வித்தாளில் வராது. வராததை நாமும் சொல்லித் தரவில்லை.

வேலை இதுதான். நாட்டின் கரை நெடுக மீன் இறங்கும் இடங்கள் ஆயிரத்துக்கு மேல். எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. எனவே கரையை மண்டலங்களாகப் பிரித்து, மாதத்தைப் பத்துப் பத்து நாளாக வகுத்து, எந்த இடத்துக்கு எந்த நாள் போவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். கணக்கெடுப்பவர் முதல் நாள் பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரை கரையில் நிற்பார்; மறுநாள் காலை 6 முதல் 12 வரை. நடுவில் போன ராத்திரியில் இறங்கியதை விசாரித்து எழுதிக்கொள்வார். எந்த வலை, கடலில் எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம், எந்த இனம் எத்தனை கிலோ என்று பதிவாகும். சில மீன்களை எடுத்து நீளமும் அளக்க வேண்டும். ஏலச் சத்தத்துக்கு நடுவே, கூடையை நகர்த்த விடாமல் ஸ்கேலோடு நிற்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? அப்படி நின்று நின்று சேர்த்ததிலிருந்து வந்த எண்தான் 2022இன் கணக்கு: நாடு முழுக்க 34.9 லட்சம் டன், அதில் 7.22 லட்சம் டன்னோடு தமிழ்நாடு முதலிடம். ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கிடைக்கிற பேச்சில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த முதலிடத்துக்கு நம் டீக்கடைகளில் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் நம் வெயிலால் வருவது. குளிர்கடல் மீனின் காதுக்கல்லை அறுத்தால் கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி வளையம் தெரியும். மரத்தின் வயதைச் சொல்வதுபோல எண்ணிச் சொல்லிவிடலாம். நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பு. வளையம் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. பல இனங்கள் பல மாதங்களுக்கு முட்டையிடுகின்றன, ஒரே வலைமடியில் பத்துப் பதினைந்து வகை மீன் ஏறுகிறது. ஆகவே ஆயிரக்கணக்கான மீன்களை மாதாமாதம் அளந்து, அந்த நீளங்கள் எப்படி நகர்கின்றன என்பதை வைத்தே வளர்ச்சியையும் சாவையும் கணிக்க வேண்டியிருக்கிறது. மணிலாவில் இருந்த மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1980களில் இதற்குக் கணினி முறை வகுத்தார். வெப்பக் கடல் நாடுகள் அதைக் கைக்கொண்டன.

நீளம்தான் ஆதாரம். நம் தவறும் அங்கேதான் இருக்கிறது. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையும் 14 சென்டிமீட்டருக்குக் குறைந்த அயிலையும் பிடிக்கக்கூடாது. இப்படி 58 இனங்களுக்கு அளவு வைத்திருக்கிறார்கள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை இறங்கிய அந்த மாநிலத்தில் 2021இல் வந்தது 3,297 டன். கடலின் வெப்பமும் மழையும் மாறியதற்கும் அதில் பங்குண்டு. ஆனால் அங்கே அது வீட்டுத் துக்கமாகப் பேசப்பட்டது. இங்கே விரல் நீள அயிலையைக் கூறு கட்டி வைத்தால் "பொடி மீனு, ருசியா இருக்கும்" என்று பேரம் பேசி வாங்கினோம்.

வாங்காதவர்களும் தப்பவில்லை. இழுவை மடியில் சிக்கும் குஞ்சு குறுமானை ராமேஸ்வரம் பக்கத்தில் சங்காயம் என்பார்கள். அது காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஃபார்மலினுக்குப் பயந்து கோழிக்கு மாறிய அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும், கொத்துப் புரோட்டாவில் உடைத்து ஊற்றிய முட்டையிலும், நாம் தின்றது வளர விடாத மீனைத்தான்.

எழுதுகிறவர்கள் பங்கு தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை வந்தால் "மீன் விலை எகிறியது" என்பதோடு நம் செய்தி முடிந்தது. பாக் நீரிணையில் எல்லை தாண்டியதாக மீனவர் கைதானால் முதல் பக்கம். நம் பக்கத்து நீரில் இத்தனை விசைப்படகுகளுக்கு மீன் போதாமல் போனது அந்தக் கைதுகளுக்கு ஒரு காரணம் என்பதற்கு உள்பக்கத்தில்கூட இடம் தரவில்லை.

கடல் இல்லாத ஊர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். ஹவாய்த் தீவுகளில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்கு மீன் கணக்கு இல்லாமல் போனபோது, ஆய்வாளர்கள் பழைய ஓட்டல் மெனு அட்டைகளைத் திரட்டினார்கள், 370க்கும் மேல். கரையோர மீன்கள் அட்டைகளிலிருந்து எப்போது குறைந்தன, ஆழ்கடல் சூரை எப்போது அந்த இடத்தைப் பிடித்தது என்று அவற்றிலிருந்தே எழுதி 2013இல் வெளியிட்டார்கள். மெஸ்ஸுக்குப் பேர்போன நம் ஊரில் கரும்பலகையில் எழுதிய மீன் பெயர்கள் மறுநாளே அழிந்தன. கமிஷன் கடைகளின் பேரேடுகளில் தேதி, மீன், எடை, விலை எல்லாம் உண்டு. அவற்றைக் காகித விலைக்குப் போட்டபோது யாரும் தடுக்கவில்லை. சீலா எந்த வருஷம் வரை எந்தப் பருமனில் வந்தது என்று நினைவாகச் சொல்லக்கூடிய வயதான வியாபாரிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதிவைப்பது விலங்கியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டருக்கான வேலை. மொத்த ஏலம் விடியுமுன் முடிந்துவிடும். காலேஜ் நேரத்துக்குப் போனால் ஆள் கிடைக்கமாட்டார்கள்.