காதற்கதையும் அது நிற்கும் நிலமும்

ஒரு நூலை மாணவர் கையிற் கொடுப்பது ஆசிரியருக்குச் சிறிய செயலன்று. நூல்நிலைய அலுமாரியிலிருந்து அது வெளியேறும்போது நமது பொறுப்பும் அதனுடன் வெளியேறுகின்றது. படிப்போர் உள்ளத்தில் அது எதனை விதைக்கும், எதனை மறைக்கும் என்று எண்ணிப் பார்த்தே அதனைக் கொடுத்தல் வேண்டும்.

அண்மையில் மேல்வகுப்பு ஆசிரியை ஒருவர் நம்மிடம் ஒரு செய்தி கூறினார். அவர்தம் மாணவி ஒருத்தி ஆங்கில நாவலொன்றை இரண்டே நாளிற் படித்து முடித்தாளாம். அமெரிக்காவின் நடுவே பரந்து கிடக்கும் பெரும்புல்வெளி. புகையிரதப் பாதையை ஒட்டி எழுந்த சிறு பட்டினம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. துன்பத்திலும் தெய்வநம்பிக்கை தளராத ஒரு பெண். அவளை மதித்துக் காத்திருக்கும் ஓர் ஆண்மகன். முடிவில் தேவாலயத்திலே திருமணம். நூலைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாணவியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆயினும் அவள் கேட்ட கேள்வி வேறு: "ரீச்சர், இந்தச் சனங்கள் வருவதற்கு முன்னர் அந்தப் புல்வெளியில் ஒருவருமே இருக்கவில்லையா?"

இத்தகைய நூல்களை ஆதரிக்கலாமா, விலக்கலாமா என்பது ஆசிரியையின் ஐயம். நமக்கோ அம்மாணவியின் கேள்வியே பெரிதாகத் தோன்றுகிறது. அதற்கு விடை தேடினால் ஆசிரியையின் ஐயமும் தானே தீரும்.

முதலில் இவ்விலக்கிய இனத்துக்குரிய நியாயத்தைக் கூறுவோம். தெய்வநம்பிக்கையை அடிநாதமாகக் கொண்டு உள்ளத்துக்கு ஊக்கமூட்டும் சரித்திரக் காதற்கதைகளை அமெரிக்கப் புத்தக வணிகத்தார் தனியினமாக வகுத்துள்ளனர். கனடாவின் அல்பேட்டா மாகாணத்திற் பிறந்த ஜனெற் ஓக் என்னும் பெண்மணி 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் இவ்வினத்துக்குப் பெருவழி திறந்தது. காதல் மெல்ல வரும் என்னும் கருத்துடைய தலைப்பு அதற்கு. மேற்கு நோக்கிய பயணத்திலே கணவனை இழந்த மார்ட்டி என்னும் இளம்பெண், தாயற்ற சிறுமி ஒருத்தியைப் பேணும்பொருட்டுக் கிளார்க் என்பானை மணக்க இசைகிறாள். அவனும் மனைவியை இழந்தவன். மனம் ஒப்பாவிடின் வசந்தகாலத்தில் கிழக்கே திரும்பும் வண்டித் தொடரில் அனுப்பிவைப்பதாக அவன் வாக்களிக்கிறான். வசந்தம் வருகிறது, அவள் போகவில்லை.

இக்கதையை எளிதென்று இகழ்வோர் உளர். நாம் இகழமாட்டோம். கண்டதும் பற்றிக்கொண்ட தீயையே காதலென்று கருதும் இளைஞருக்கு, அடுப்பு மூட்டுவதிலும், நோயுற்ற குழந்தையின் அருகே விழித்திருப்பதிலும், கொடுத்த வாக்கைக் காப்பதிலும் அன்பு வளரும் என்று காட்டும் கதை நன்மையே செய்யும். இல்லறத்தின் பெருமையைப் பேசும் எந்த நூலும் அந்த அளவில் நமது மதிப்புக்குரியது.

எனினும் குறையும் உண்டு. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பகுத்துக் காணும் பயிற்சியுடைய நமக்கு அது விரைவில் புலப்படும். இவ்வின நாவல்கள் பலவற்றில் உரிப்பொருளாகிய உணர்ச்சி மாத்திரமே உள்ளது. நிலம் வெறும் திரைச்சீலை. புல்வெளியை எடுத்துவிட்டு மலைநாட்டை வைத்தாலும், புகையிரத நிலையத்தை நீக்கிவிட்டுத் துறைமுகத்தை வைத்தாலும் கதை மாறாது. அவ்வாறாயின் அக்கதையின் நம்பிக்கை எதனாற் சோதிக்கப்பட்டது? சோதிக்கப்படாத நம்பிக்கை எவ்வாறு ஊக்கம் தரும்?

அந்நிலத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1862ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இரு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்வோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கும் சட்டம். மற்றது, பசிபிக் கரையை எட்டும் புகையிரதப் பாதைக்கு வழிவகுத்த சட்டம். 1869 மே 10ஆந் திகதி யூற்றாவிலே கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் ஒன்றுசேர்ந்தன. அதன்பின்னர் கிளைப்பாதைகள் புல்வெளியெங்கும் பரவின.

அங்கே பல இடங்களில் ஊர் தோன்றியபின் புகையிரதம் வரவில்லை. புகையிரதம் வந்ததனாலேயே ஊர் தோன்றிற்று. கம்பனியார் வரைபடத்திலே கோடு கிழித்து, சில மைல்களுக்கு ஒன்றாக நிலையங்களைக் குறித்து, அவற்றைச் சுற்றி மனைகளை விற்றனர். நெபிராஸ்காவில் பேர்லிங்ரன் கம்பனியின் பாதையிலே கிறீற், டோர்செஸ்ரர், எக்செற்றர், பெயர்மொன்ற், கிறாப்ரன், ஹார்வேட் என்று ஆங்கில அகரவரிசைப்படியே ஊர்கள் அடுத்தடுத்து நிற்பதை இன்றும் காணலாம். 1883 நவம்பர் 18ஆந் திகதி புகையிரதக் கம்பனிகள் பொதுநேரத்தை ஏற்றன. அதன்பின் ஊர்களின் மணிக்கூடுகளும் படிப்படியாக அதனையே பின்பற்றின. கடிதம், நிலக்கரி, மா, புதிய ஆசிரியை, மணமகள் எல்லாம் அப்பாதையாலேயே வரவேண்டும். இத்தகைய ஊரிலே காத்திருத்தல் என்பது வெறும் காதலர் உணர்ச்சியன்று. ஊர் முழுவதன் வாழ்க்கைமுறை அது.

இந்த உண்மையைத் தன் கதைக்குள் முழுமையாக ஏற்றவர் லோறா இங்கிள்ஸ் வைல்டர். தெற்கு டக்கோட்டாவிலுள்ள டி ஸ்மெற் என்னும் பட்டினத்தின் பிறப்பையே அவர் கண்ணாரக் கண்டவர். அவருடைய தந்தை புகையிரதப் பாதையமைப்பில் வேலை செய்தார். 1880ஆம் ஆண்டிலே அப்பட்டினம் எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் 1881 வசந்தம்வரை ஓயவில்லை. பாதை பனியால் மூடுண்டு புகையிரதம் நின்றது. நிலக்கரி தீர்ந்தபின் மக்கள் புல்லை முறுக்கி எரித்தனர். மா தீர்ந்தபின் கோதுமையைக் கோப்பி அரைக்கும் சிறு இயந்திரத்தில் அரைத்து உண்டனர். 1940இல் வெளிவந்த நாவலில் அவர் இதனைச் சித்திரித்துள்ளார். நத்தாருக்கென அனுப்பப்பட்ட உணவுப்பீப்பா மே மாதத்திலேதான் வந்துசேர்கிறது. அம்மாதத்திலேயே அவர்கள் நத்தார் விருந்து உண்கின்றனர். படிப்போர் அங்கே சிரிப்பதா அழுவதா என்று அறியார்.

அம்மாரியின் நடுவே, ஊரார் பட்டினியால் மடியாதிருத்தற்பொருட்டு, இரு இளைஞர் உயிரைப் பணயம் வைத்துப் பனிவெளியைக் கடந்து கோதுமை கொண்டுவருகின்றனர். அவருள் ஒருவன் அல்மான்சோ வைல்டர். அவனே பின்னர் லோறாவின் கணவனாகிறான். அப்போது இருவர்க்கும் அது தெரியாது. காதலென்ற சொல்லே தோன்றாத இடத்தில் காதலுக்கு அடித்தளம் இடப்படுகிறது. இதுவன்றோ கதையமைப்பு!

1943இல் வெளிவந்த நாவலிலே அவ்வன்பு மலர்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணாகிய லோறா பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள பள்ளியொன்றில் ஆசிரியையாகிறாள். தங்கியிருக்கும் வீடோ துயரமும் அச்சமும் நிறைந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அல்மான்சோ பனிச்சறுக்கு வண்டியுடன் வந்து அவளை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். வீடு செல்லும் ஆவலினால் மாத்திரமே தான் வருவதாக அவள் வெளிப்படையாகக் கூறிவிடுகிறாள். அதற்குப் பின்னரும், கடுங்குளிரில், அவன் வருகிறான். திருமணத்தின்போது கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்று உறுதி கூறத் தன்னால் இயலாதென்று அவள் சொல்ல, அவன் தடையின்றி இசைகிறான். அவர்கள் மணந்தது 1885 ஆகஸ்டு 25ஆந் திகதி.

சாதாரண நாவல் இவ்விடத்தில் மங்களம் பாடி முடியும். வாழ்க்கை முடியவில்லை. ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது, தொண்டை அழற்சி நோய் இருவரையும் வருத்திக் கணவனின் கால்களை வலுவிழக்கச் செய்தது, ஆண் மகவொன்று பிறந்த சின்னாளில் இறந்தது, வீடும் தீக்கிரையாயிற்று. அவருடைய மறைவின் பின் 1971இல் வெளிவந்த சிறு நூலில் இவ்வாண்டுகளை வைல்டர் எழுதியுள்ளார். 1949இல் அல்மான்சோ இறக்கும்வரை அவ்விருவரும் அறுபத்துநான்கு ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தனர் என்னும் செய்தியோடு சேர்த்துப் படிக்கும்போதே, அந்தப் பனிச்சறுக்கு வண்டிப் பயணத்தின் முழுப்பொருளும் நமக்கு விளங்குகிறது. ஊக்கமூட்டுதல் என்பது இதுவே.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். அப்புல்வெளியில் ஒருவருமே இருக்கவில்லையா?

இருந்தனர். டக்கோட்டா என்ற பெயரே அங்கு வாழ்ந்த மக்களின் பெயர். நிலமும் பாதையும் வழங்கும் சட்டங்கள் நிறைவேறிய அதே 1862ஆம் ஆண்டில், மினசோற்றாவிலே பசியாலும் மீறப்பட்ட உடன்படிக்கைகளாலும் நொந்த டக்கோட்டா மக்கள் போரெழுந்து தோற்றனர். அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதி மன்கேற்றோ நகரிலே அவர்களில் 38 ஆடவர் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டிலே அம்மக்களை அம்மாநிலத்தினின்றும் வெளியேற்றச் சட்டம் வந்தது. ஒரே ஆண்டில் ஒரு சாராருக்கு வீடு பிறந்தது. மற்றொரு சாராருக்கு வீடு பறிபோயிற்று.

வைல்டரும் இக்குறையினின்று தப்பவில்லை. கொடுமாரி பற்றிய அந்நாவலிலே பூர்வகுடி முதியவர் ஒருவர் கடைக்கு வந்து, ஏழு மாதம் பனிப்புயல் வீசும் என்று ஊராரை எச்சரிக்கிறார். லோறாவின் தந்தை அதனை நம்பிக் குடும்பத்தைப் பட்டினத்துக்குள் கொண்டுவருகிறார். ஊரின் நன்மைக்காகப் பேசிய அம்முதியவருக்குக் கதையிலே பெயரில்லை. அவர் எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்பதுமில்லை.

இதனினும் கருத்தூன்றத் தக்கது மற்றொன்று. கன்சாஸ் புல்வெளியைப் பற்றி 1935இல் அவர் வெளியிட்ட நாவலின் தொடக்கத்தில், அந்நிலத்திலே மனிதர் எவரும் இல்லை, இந்தியரே இருந்தனர் என்னும் கருத்துப்பட ஒரு வாக்கியம் அமைந்திருந்தது. பூர்வகுடிகளை அக்காலத்தார் வழங்கிய பெயர் அது. பதினேழு ஆண்டுகள் அவ்வாக்கியத்தைப் பிழையென்று பதிப்பகத்தார் உணரவில்லை. 1952இல் வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் கண்டு அவர்கள் திடுக்கிட்டனர். முதுமையடைந்திருந்த வைல்டர் அது தமது தவறேயென ஒப்புக்கொண்டார். 1953ஆம் ஆண்டுப் பதிப்பிலே மனிதர் என்னும் பொருள்தரும் சொல் நீங்கி, குடியேறியோர் என்னும் பொருள்தரும் சொல் இடம்பெற்றது. ஒரு சொல் மாறிற்று. அதனோடு ஒரு மக்கட்கூட்டம் மனித இனத்துள் திரும்பச் சேர்க்கப்பட்டது. சொல்லைக் கையாளுவோராகிய நாம் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் கருதி 2018ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, வைல்டர் பெயரால் வழங்கிவந்த இலக்கிய விருதின் பெயரை மாற்றியது. அதனைச் சரியென்போரும் பிழையென்போரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆசிரியராகிய நமக்குரிய வேலை வேறு.

நூலை ஒளித்து வைத்தலால் மாணவர்க்கு நன்மை விளையாது. கேள்வியின்றிக் கொடுத்தலாலும் விளையாது. வைல்டரைப் படிக்கும் மாணவர் கையிலே, ஒஜிப்வே மக்களின் வழித்தோன்றலாகிய லூயிஸ் ஏட்றிச் 1999இல் எழுதிய, 1847ஆம் ஆண்டில் வாழும் ஒஜிப்வேச் சிறுமியின் கதையையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். குடியேற வந்த வீட்டுச் சிறுமியையும், முன்னமே வாழ்ந்த வீட்டுச் சிறுமியையும் ஒருங்கே நேசிக்கப் பழகிய உள்ளம் எளிதில் ஒருவரையும் இல்லையென்று சொல்லிவிடாது.

ஆதலால் ஆசிரியையின் ஐயத்துக்கு நமது விடை இதுவாகும். காதற்கதைகளை மாணவர் படிக்கட்டும். அன்பும் பொறுமையும் நம்பிக்கையும் பேசும் கதைகளை விரும்பிப் படிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கதையையும் இரு கேள்விகளால் அளக்க அவர்களைப் பழக்குவோம். இந்த அன்பு எந்தத் துன்பத்தால் அளக்கப்பட்டது? இந்த வீடு எவர் நிலத்தின்மேல் எழுந்தது? முதற் கேள்விக்கு விடைகூற இயலாத கதை பொழுதுபோக்கு. இரண்டாவது கேள்வியைக் கேட்கவே விடாத கதை, எத்துணை இனிமையுடையதாயினும், நெஞ்சை உரப்படுத்தாது.

அம்மாணவி கண்ணீரோடு நூலை மூடினாள்; மூடியபின் கேள்வி கேட்டாள். அக்கண்ணீரும் அக்கேள்வியும் ஒரே உள்ளத்திற் பிறந்தவை. இரண்டையும் ஒருங்கே வளர்ப்பது ஆசிரியர் கடன்.