டிபாசிட் இழந்த கட்சி

தேர்தல் முடிந்ததும் ஜயித்தவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடுவதும், தோற்றவர் வீட்டு வாசல் வெறிச்சோடிக் கிடப்பதும் உலக வழக்கம். அரசியலை ஆராய்வோரும் பெரும்பாலும் இவ்வழக்கத்தையே அனுசரிக்கின்றனர். ஆயினும், ஒரு தேசத்தின் எதிர்காலத்துக்கு அவசியமான கொள்கை தோற்ற கட்சியினிடத்திலே தங்கியிருப்பதும் உண்டு. மலேசிய சோஷலிஸ்டுக் கட்சி அத்தகைய கட்சி என்பது நமது அபிப்பிராயம்.

மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பல சமூகத்தாரும் சேர்ந்து வாழும் அந்நாட்டில், பிறப்பைக் கேளாது உழைப்பைக் கேட்டு அங்கத்தினரைச் சேர்க்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1998-ல் இக்கட்சி ஸ்தாபிக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டாக்டர் நாசிர் ஹாஷிம் ஒரு மலாய்க்காரர். ஊழியர்களில் பலர் தமிழர்கள். இரப்பர்த் தோட்டங்களில் கூலி உயர்வுக்கும் குடியிருப்பு உரிமைக்கும் போராடிப் பழகியவர்கள். கங்காணிகளின் வாக்கை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவரின் சந்ததியார், தோட்டங்கள் விற்கப்பட்டு வீட்டுமனைகளானபோது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குத் துணை நின்றவர்களில் சுங்கை சிப்புட் வட்டாரத்து வைத்தியர் டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜ் முக்கியமானவர்.

கட்சி தோன்றிய உடனே சர்க்கார் அதற்குச் செய்த உபசாரம், பதிவு மறுப்பு. தேசப் பாதுகாப்புக்குப் பங்கம் நேரும் என்பது சொல்லப்பட்ட காரணம். நீதிஸ்தலம் வரை வழக்காடி, 2008-ல்தான் கட்சி பதிவு பெற்றது. பதிவில்லாத கட்சிக்குச் சொந்தச் சின்னம் கிடையாது. ஆகவே அதன் அபேட்சகர்கள் பிறர் சின்னத்தை இரவல் வாங்கியே நிற்க வேண்டியிருந்தது. பத்து வருஷகாலம் ஒரு கட்சியின் வாயை அடைத்துவிட்டு, பின்னர் அது ஜனங்களிடையே செல்வாக்குப் பெறவில்லை என்று ஏளனம் செய்வது நியாயமாகுமா?

இரவல் சின்னத்தோடு நின்றும் அக்கட்சி ஓர் அற்புதத்தைச் செய்து காட்டியது. சுங்கை சிப்புட் தொகுதி 1974 முதல் மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவரும் நீண்டகால மந்திரியுமான காலஞ்சென்ற ஸ்ரீ சாமிவேலுவின் கோட்டையாக விளங்கியது. 1999-லும் 2004-லும் டாக்டர் ஜெயகுமார் அங்கே நின்று தோற்றார். 2008 மார்ச்சில் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் மூன்றாம் முறை நின்று, 1,821 ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். அதே தேர்தலில் டாக்டர் நாசிர் ஹாஷிமும் கோத்தா டாமன்சாரா தொகுதியிலிருந்து சிலாங்கூர் சட்டசபைக்குச் சென்றார்.

இதன் பின்னர் வந்தது அடக்குமுறை. 2011 ஜூன் மாதத்தில், பினாங்கில் பிரசாரப் பிரயாணம் செய்துகொண்டிருந்த இக்கட்சியினர் 30 பேர் கைது செய்யப்பட்டனர். மாமன்னருக்கு எதிராக யுத்தம் தொடுக்க முயன்றனர் என்பது முதலில் சாட்டப்பட்ட குற்றம்! பின்னர் டாக்டர் ஜெயகுமார் உள்ளிட்ட ஆறு பேர், விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த 1969-ம் வருஷத்து அவசரச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டு, ஜூலை மாத இறுதியில் விடுதலை பெற்றனர். 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கடையடைத்து உபவாசம் இருந்த தேசத்தாருக்கு, இத்தகைய சட்டத்தின் தன்மையை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஓர் அரசாங்கம் வாதத்தில் தோற்றபோதுதான் பூட்டையும் சாவியையும் தேடுகிறது.

2013-ல் டாக்டர் ஜெயகுமார் மீண்டும் ஜயித்தார். 2018 மே மாதத்துப் பொதுத் தேர்தலில், மாற்றம் வேண்டும் என்ற பேரலை எழுந்து, சுதந்திரம் அடைந்த நாள் முதல் ஆண்ட கூட்டணியைக் கவிழ்த்தது. அதே அலையில் இச்சிறு கட்சியும் மூழ்கிப்போயிற்று. எதிர்க் கூட்டணியோடு தொகுதி உடன்பாடு ஏற்படாமையால், 4 பார்லிமெண்டுத் தொகுதிகளிலும் 12 சட்டசபைத் தொகுதிகளிலும் தன் சொந்தச் சின்னமாகிய முஷ்டியைக் காட்டி அது தனித்து நின்றது. பதினாறு பேரும் டிபாசிட் இழந்தனர். இருமுறை ஜயித்த டாக்டர் ஜெயகுமாருக்கே சுமார் 1,500 ஓட்டுகள்தாம் கிடைத்தன. 2025 ஏப்ரலில் பேராக்கின் ஆயர் கூனிங் சட்டசபை உபதேர்தலில் நின்ற பவானி அம்மையார் பெற்றவை 1,106. பதிவான ஓட்டுகளில் சுமார் 6 சதவீதம். எட்டில் ஒரு பங்கு பெறாதவர் டிபாசிட் இழக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இந்தக் கணக்கைக் காட்டி ஒரு வாதம் சொல்லப்படுகிறது. ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலுள்ள இந்தியர், பொதுக் கட்சிகளில் கரைந்துபோகாமல், தமக்கென்று ஒரு கட்சி வைத்துக்கொண்டு, ஆளுங்கூட்டத்தில் ஓர் ஆசனம் தேடிக்கொள்வதே விவேகம் என்பது அவ்வாதம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட இயலாது. சிறுபான்மையோரின் அச்சம் கற்பனையன்று. பெரிய கட்சிகள் பொதுமை பேசிக்கொண்டே அவர்களைக் கைவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு.

ஆனால் உண்மையைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். மலேசியப் பார்லிமெண்டின் 222 தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையினராக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆதலால், இந்தியர் கட்சியின் அபேட்சகரும் மலாய்க்காரரும் சீனரும் அளிக்கும் ஓட்டுகளாலேயே பார்லிமெண்டுக்குள் நுழைய முடியும். ஓட்டுக் கேட்கும்போது எல்லோருக்கும் பொது, பதவி ஏற்கும்போது ஒரு சமூகத்தின் பிரதிநிதி என்ற இந்த ஏற்பாட்டால், மந்திரிக்கு மோட்டார் கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கிடைத்ததா? குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2013-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்காகப் பல வருஷங்கள் இடையறாது கிளர்ச்சி செய்தவர்களில் மந்திரி பதவி எதுவுமில்லாத இச்சோஷலிஸ்டுகளும் முக்கியமானவர்கள். அன்று 900 ரிங்கிட்டாக இருந்த அத்தொகை 2025-ல் 1,700 ஆயிற்று. இதன் பயன் தமிழனுக்கு மட்டுமா? மலாய்த் தொழிலாளிக்கும் சீனத் தொழிலாளிக்கும் சேர்ந்தே கிடைத்தது. இதுவல்லவோ பொதுக் கட்சியின் பலன்?

மலேயாவின் பழைய சரித்திரம் ஒன்றையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அம்னோவை 1946-ல் ஸ்தாபித்த டத்தோ ஓன் ஜாபர், அதன் கதவை எல்லாச் சமூகத்தாருக்கும் திறக்க வேண்டுமென்றார். கட்சி இணங்கவில்லை. 1951-ல் அவர் வெளியேறி, சகலருக்கும் பொதுவான மலேயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். மறு வருஷம் கோலாலம்பூர் நகரசபைத் தேர்தலில், அம்னோவும் சீனர் சங்கமும் கைகோத்து நின்று 12 ஸ்தானங்களில் 9-ஐக் கைப்பற்றின. ஓனின் கட்சிக்கு 2 கிடைத்தன. அவர் மனம் தளர்ந்தார். அடுத்து அவர் அமைத்த நெகாரா கட்சி மலாய்ச் சமூகத்தின் பக்கமே சாய்ந்தது. 1955 பொதுத் தேர்தலில் அதற்கு ஒரு ஸ்தானமும் இல்லை. கொள்கையைக் கைவிட்டும் வெற்றி கிட்டவில்லை. சமூகத்துக்கு ஒரு கட்சி, தலைவர்களுக்குள் பங்கீடு என்ற முறையோ அந்நாட்டில் வேரூன்றிவிட்டது.

ஒரு கட்சியின் யோக்கியதையை அது தோற்ற பின்னர் நடந்துகொள்ளும் விதத்தால் அளக்க வேண்டும். 2018-ல் அடிபட்ட சோஷலிஸ்டுக் கட்சி, ஜாதிக் கொடியைப் பிடித்திருந்தால் சில ஆயிரம் ஓட்டுகள் கூடுதலாகப் பெற்றிருக்கலாம். அது அவ்வழி செல்லவில்லை. அதன் பெருமை இதிலேயே இருக்கிறது.

எனினும் அதற்குச் சொல்ல வேண்டிய புத்திமதியும் உண்டு. கம்பத்து மலாய் விவசாயியின் நம்பிக்கையைப் பெறாத வரையில், பொதுமை என்பது கட்சியின் விதிகளில் மட்டுமே நிற்கும். அவனுடைய பாஷையில், அவனுடைய வயல் வரப்பில், அவனுடைய கஷ்டத்தைப் பேச வேண்டும். அதற்குத் தேர்தல் காலத்துப் பதினைந்து நாட்கள் போதா. பெரிய கட்சிகளுக்கும் ஒரு கடமை உண்டு. அதிக ஓட்டுப் பெற்ற ஒருவருக்கே தொகுதி என்ற முறை, நாடெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு அபிப்பிராயத்துக்கு மரண தண்டனை விதிக்கிறது. ஓட்டு விகிதாசாரப்படி சில ஸ்தானங்களேனும் ஒதுக்கினால், மக்கள் சபையில் இக்குரலும் கேட்கும். மாற்றம் வேண்டும் என்று ஜனங்களிடம் அதிகாரம் பெற்றவர்கள் இதை ஆலோசிக்க மறுத்தால், மாற்றம் என்பதற்கு அவர்கள் கொள்ளும் பொருள் ஆள்மாற்றம் என்றே நாம் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

மலேசியத் தமிழ் மக்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. உங்களுக்காக அரண்மனை வாசலில் காத்து நின்று ஏதேனும் வாங்கித் தருவதாகச் சொல்பவரைவிட, அண்டை வீட்டு மலாய்க்காரரோடும் சீனரோடும் உங்களைச் சமமாக நிறுத்தி உரிமை கேட்பவரே உங்களுக்கு உற்ற துணைவர். டிபாசிட் தொகையைச் சர்க்கார் கஜானா எடுத்துக்கொள்ளட்டும். கொள்கையை இழக்காத வரையில் அக்கட்சி எதையும் இழந்ததாக நாம் கருதமாட்டோம்.