தக்கையும் தேன்கூடும்

செல்பேசியின் பெயரில் உள்ள ‘செல்’ ஓர் அறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 1947இல் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பில், நிலப்பரப்பை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, தள்ளியுள்ள கட்டங்களில் அதே அலைவரிசைகளை மறுபடி பயன்படுத்தும் யோசனை இருந்தது. அந்தக் கட்டம்தான் செல்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘செல்லா’ என்றால் சிற்றறை, சாமான் அறை. ரோமானியக் கோயிலில் தெய்வச் சிலை நின்ற கருவறையும் அதுவே. ஆங்கிலத்தில் அது முதலில் பெரிய மடத்தைச் சார்ந்த சிறு மடத்தையும், பிறகு துறவியின் அறையையும், அதன்பின் கைதியின் கொட்டடியையும் குறித்தது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தமான் செல்லுலார் சிறை, தனிக் கொட்டடிகளால் அப்பெயர் பெற்றது.

உயிரியலுக்கு இச்சொல்லைத் தந்தவர் ராபர்ட் ஹூக். துறவியர் அறைகளை நினைத்தே அவர் இப்பெயரை வைத்தார் என்பது ஆண்டாண்டாக அச்சாகும் கதை. இந்த வாரம் கைக்கு வந்த ஒரு மாணவர் கையேட்டிலும் அதே வரி. வருத்தமாக இருக்கிறது. 1665இல் வெளியான அவரது நூல் ‘மைக்ரோகிராஃபியா’ எளிதில் கிடைக்கிறது. அதில் ஹூக் ஒப்பிடுவது தேன்கூட்டை. துறவி அங்கே இல்லை.

பேனாக்கத்தியைச் சவரக்கத்திபோலத் தீட்டி, தக்கையிலிருந்து மிக மெல்லிய சீவலை எடுத்தார் ஹூக். தக்கை வெளிறியது என்பதால் கறுப்புத் தட்டில் வைத்து, வில்லையால் ஒளியைக் குவித்துப் பார்த்தார். நுண்ணறைகள் தெரிந்தன. ஓர் அங்குல நீளத்தில் ஆயிரத்துக்கு மேல், கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டார். தக்கை ஏன் இலேசாக இருக்கிறது, ஏன் மிதக்கிறது, அழுத்தினால் ஏன் மீள்கிறது என்பதற்கெல்லாம் அந்த அறைகளில் அடைபட்ட காற்றே காரணம் என்று விளக்கினார். கண்டதோடு நில்லாமல் காரணமும் தேடிய இந்தப் பக்கங்களை மாணவர்கள் படிக்க வேண்டும். நூல் வந்த புதிதில் சாமுவேல் பீப்ஸ் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து படித்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

தக்கையில் ஹூக் கண்டவை உயிரற்ற சுவர்கள். பச்சைத் தாவரங்களில் அவ்வறைகள் சாறு நிரம்பியிருந்ததையும் அவரே பதிவுசெய்தார். 1831இல் ராபர்ட் பிரவுன் உட்கருவுக்குப் பெயரிட்டார். 1838இல் ஷ்லைடன் தாவரங்களும், 1839இல் ஷ்வான் விலங்குகளும் செல்களால் ஆனவை என்றனர். விலங்கு செல்லுக்குச் சுவரே கிடையாது; ஆனாலும் அறையின் பெயரே அதற்கும் நிலைத்தது.